ஸ்டாக் லேன்: பட்டமளிக்காத ஒரு பல்கலைக்கழக மைதானம்

ஓர் ஊரின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் முதலில் அவ்வூரின் கோயிலையும், கோட்டையையும், பழைய மாளிகைகளையும் தேடிச் செல்வதே வழக்கமாக இருந்து வருகிறது. கல்லும் சுண்ணாம்பும் தம் காலத்தைத் தாமே சொல்லிக்கொண்டு நிற்பதால் அவ்வாறு செய்வது எளிது. ஆனால் ஒரு தலைமுறை முழுவதும் கூடிப் பயின்றும், விளையாடியும், போட்டியிட்டும், புதியன கண்டும் வந்த ஒரு திறந்த வெளியோ, அதன்மேல் வீடுகள் எழும்பியதும் ஊராரின் நினைவிலிருந்து மெல்ல விலகிவிடுகிறது. புல்வெளிக்குச் சாசனம் வெட்டுவார் இல்லை. ஆயினும் மனித சமுதாயத்தின் விருத்தியில் மண்டபங்களுக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு மைதானங்களுக்கும் உண்டு என்பதைச் சற்று ஆராய்ந்து பார்ப்போர் எவரும் ஒப்புக்கொள்வர்.

இதற்கு உலகறிந்த திருஷ்டாந்தம் ஒன்று அமெரிக்காவில் உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1892-ஆம் ஆண்டு முதல் நாற்பது ஆண்டுகள் விளையாட்டு ஆசிரியராக இருந்த அமோஸ் அலோன்சோ ஸ்டாக் என்பவர், தாம் மாணவராயிருந்த நாளில் பேஸ்பால் ஆட்டத்தில் பந்தெறிவதில் பெயர் பெற்றவர். அமெரிக்கக் கால்பந்தையும் பேஸ்பாலையும் அப்பல்கலைக்கழக மாணவர்களுக்கு அவரே பயிற்றுவித்தார். 1910-ஆம் ஆண்டில் அப்பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் அணி ஜப்பான் வரை சென்று அந்நாட்டு மாணவரோடு ஆடித் திரும்பியது. அவருடைய பெயரையே பின்னர் தாங்கி நின்ற அந்த மைதானம், 1939-ஆம் ஆண்டின் இறுதியில் பல்கலைக்கழகம் கால்பந்துப் போட்டியைக் கைவிட்டபின் ஆரவாரம் குன்றிக் கிடந்தது. அவ்வாறு கிடந்த நாளில்தான், 1942-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி, அதன் மேற்குப்புறப் படிவரிசைகளின் அடியிலிருந்த ஒரு ஸ்குவாஷ் கூடத்தில், என்ரிக்கோ பெர்மியும் அவருடைய சகாக்களும் மனிதன் ஆக்கிய முதல் அணுத் தொடர்வினையை நடத்திக் காட்டினர். 1957-ஆம் ஆண்டில் அம்மைதானத்தின் படிவரிசைகள் இடிக்கப்பட்டன. 1970-ஆம் ஆண்டில் அவ்விடத்தில் பெரியதொரு நூல்நிலையம் திறக்கப்பட்டது. விளையாடும் வெளியாகத் தொடங்கிய நிலம், உலகத்தின் போக்கையே மாற்றிய ஒரு பரிசோதனைக்கு இடங்கொடுத்து, முடிவில் புத்தகங்களின் இருப்பிடமாயிற்று.

லண்டன் மாநகரின் வடமேற்கில், இன்று பிரெண்ட் நகராட்சிக்குள் அடங்கிய கிங்ஸ்பரியிலும் இத்தகைய ஒரு மைதானம் இருந்தது. ஸ்டாக் லேன் என்பது அதன் பெயர்; சிகாகோ ஆசிரியரின் பெயரோடு இது ஒத்திருப்பது தற்செயலே. எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அது சொந்தமாய் இருந்ததில்லை. அங்கே பயின்றவர்க்கு யாரும் அங்கி அணிவித்துப் பட்டம் வழங்கியதும் இல்லை. ஆயினும் 1915 முதல் 1934 வரை, இருபது ஆண்டுகளுக்கும் குறைந்த காலத்துக்குள், ஆகாயத்தில் பறப்பது என்னும் வித்தையைச் சீமான்களின் கையிலிருந்தும் சேனைகளின் கையிலிருந்தும் விடுவித்து, ஆபீஸ் குமாஸ்தாவும் கடைச் சிப்பந்தியும் கற்கக்கூடிய கலையாக்கிய பெருமை அந்தப் புல்வெளிக்கு உண்டு. அங்கே தோன்றிய யந்திரங்களே சென்னைக்கும் கொழும்புக்கும் வான்வழியைத் திறந்துவைத்தன என்பதால், அதன் வரலாறு தமிழரின் வரலாற்றோடும் பிணைந்ததாகும்.

முதலில் நிலத்தைப் பற்றிச் சில வார்த்தை. 1086-ஆம் ஆண்டில் வெற்றிவேந்தன் வில்லியம் எடுப்பித்த நிலக்கணக்கிலேயே இடம்பெற்ற பழைய ஊர் கிங்ஸ்பரி. பழமை உண்டேயன்றிப் பெருமை என்று சொல்லத்தக்க எதுவும் அதற்கு நெடுங்காலம் வாய்க்கவில்லை. களிமண் பூமி, மழைக்காலத்தில் காலை வைத்தால் ஒட்டிக்கொள்ளும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டன் நகரத்து வண்டிகளையெல்லாம் குதிரைகளே இழுத்துவந்த காலத்தில், அக்குதிரைகளுக்கு வேண்டிய வைக்கோற்புல்லை விளைவித்து அனுப்புவதே இப்பிரதேசத்தின் பிரதான தொழிலாய் இருந்தது. மரம் வெட்டி, புதர் நீக்கி, பசும்புல் வளர்த்துச் சமப்படுத்தப்பட்ட பரந்த வயல்கள் ஒன்றையொன்று தொட்டுக் கிடந்தன. மோட்டார் வண்டி தோன்றிக் குதிரைக்கு வேலை குறைந்த காலத்தில் புல்லுக்கும் கிராக்கி குறைந்தது. நகரத்துக்கு அருகே, சமதரையாய், விலை மலிவாய், குடியிருப்பு அடராமல் கிடந்த அந்த நிலமோ, ஆகாய விமானம் என்னும் புதிய வாகனத்துக்கு வேண்டிய லட்சணங்கள் அத்தனையும் பொருந்தியதாய் அமைந்துவிட்டது.

பக்கத்து ஊராகிய ஹெண்டனில் கிளாட் கிரகாம்-வைட் என்பவர் ஏற்படுத்திய விமான மைதானம் முதல் உலக யுத்தத்துக்கு முன்பே புகழ்பெற்று விளங்கியது. எட்ஜ்வேர் சாலையில் ஹைட் என்னும் இடத்தில் ஜார்ஜ் ஹோல்ட் தாமஸ் நடத்திவந்த ஏர்கோ கம்பெனி யுத்த காலத்தில் பல்லாயிரம் தொழிலாளருக்கு வேலை கொடுத்தது. அத்தொழிலாளரில் ஒரு பகுதியினர் குடியிருப்பதற்காக அரசாங்கக் கட்டடச் சிற்பி பிராங்க் பெயின்ஸ் வகுத்த ரோ கிரீன் கிராமம், செங்கல்லும் கூரையும் மாறாமல் இன்றும் கிங்ஸ்பரியில் நிற்கிறது. இந்தச் சூழ்நிலையில்தான், 1915-ஆம் ஆண்டில், லண்டன் அண்ட் புரொவின்ஷியல் என்னும் கம்பெனி ஸ்டாக் லேன் ஓரத்து வயல்களை வாங்கி, யுத்தத்துக்குச் செல்லவேண்டிய வாலிபர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுக்கும் பள்ளியாக அமைத்தது. ஆதிமுதலே அது கல்வி நிலமாயிற்று என்பது குறிப்பிடத்தக்கது.

யுத்தம் முடிந்ததும் விமானம் வாங்குவார் எவரும் இல்லை. சேனைகள் கழித்துப்போட்ட யந்திரங்கள் குவிந்து கிடந்தபோது புதியதற்கு யார் பணம் கொடுப்பார்? ஏர்கோ கம்பெனி கைமாறி மூடப்பட்டது. அங்கே தலைமை வடிவமைப்பாளராய் இருந்த ஜெப்ரி டி ஹாவிலண்ட் என்பவர், பாதிரியார் ஒருவருடைய புதல்வர். விமானம் என்றால் என்னவென்று இங்கிலாந்து சரிவர அறியாத காலத்திலேயே பாட்டனாரிடம் பெற்ற பணத்தைக் கொண்டு தாமே ஒன்றைக் கட்டி, 1910-ஆம் ஆண்டில் தாமே அதில் பறந்தவர். அவர் தம்மோடு இருந்த சில சகாக்களைச் சேர்த்துக்கொண்டு, 1920-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் தேதி, டி ஹாவிலண்ட் விமானக் கம்பெனியை ஸ்தாபித்தார். ஸ்டாக் லேன் மைதானத்தையும் அதிலிருந்த மரக்கொட்டகைகளையும் வாடகைக்கு அமர்த்திக்கொண்டு தொடங்கிய தொழில் அது. சிறிது காலத்துக்குள் நிலச் சொந்தக்காரர்கள் மைதானத்தையே வாங்கிக்கொள்ளும்படி வற்புறுத்த, அவ்வளவு தொகைக்கு எங்கே போவது என்று கம்பெனியார் கலங்கியிருந்த வேளையில், தமக்கென்று ஒரு விமானம் செய்து தரும்படி வந்த ஆலன் பட்லர் என்னும் செல்வ இளைஞர், வந்த காரியத்தோடு நில்லாமல் தம் மூலதனத்தையும் அதில் இட்டு, பின்னர் அக்கம்பெனியின் தலைவராகவும் அமர்ந்தார். அவர் உதவியால் மைதானம் நிலைத்தது.

அக்காலத்து விமானங்களுள் பல பெரியவை, விலை உயர்ந்தவை, எண்ணெயை ஏராளமாய்க் குடிப்பவை. சிறியனவாய்ச் செய்யப்பட்ட சிலவோ பலமற்றவை. நடுத்தரமான ஒன்று இல்லையே என்று டி ஹாவிலண்ட் சிந்தித்தார். தடையாய் இருந்தது என்ஜின். பிராங்க் ஹால்போர்டு என்னும் யந்திர சாஸ்திரி, யுத்தகாலத்து எஞ்சிய சரக்காய் மலிவாகக் கிடைத்த எட்டு சிலிண்டர் என்ஜின் ஒன்றின் பாதியைக் கொண்டு நான்கு சிலிண்டர் என்ஜின் ஒன்றை அமைத்துக் கொடுத்தார். 60 குதிரைச் சக்தியுள்ள அதற்கு சிர்ரஸ் என்று பெயர். அந்த என்ஜினைப் பொருத்திய இரட்டை இறக்கை விமானத்தை, 1925-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் தேதி, டி ஹாவிலண்ட் தாமே ஸ்டாக் லேனிலிருந்து ஓட்டிப் பார்த்தார். பட்டாம்பூச்சிகளையும் விட்டிற்பூச்சிகளையும் ஆராய்வதில் பெருவிருப்பமுடைய அவர், விட்டிலின் ஆங்கிலப் பெயராகிய மாத் என்பதையே அதற்குச் சூட்டினார். இறக்கைகளைப் பின்னோக்கி மடித்துவிட்டால் மோட்டார் வண்டிக் கொட்டகையில் நிறுத்தலாம்; வண்டிக்குப் பின்னால் கட்டிச் சாலையில் இழுத்துச் செல்லலாம். சில ஆண்டுகளில் ஹால்போர்டு புதிதாய் வடித்த ஜிப்ஸி என்னும் என்ஜினோடு வந்த ஜிப்ஸி மாத் விமானத்தின் விலை 650 பவுன். ஜிப்ஸி என்ஜின் ஒன்றை முத்திரையிட்டு மூடி, ஏறக்குறைய ஒன்பது மாத காலத்தில் 600 மணி நேரம் பறக்கவிட்டுப் பின் பிரித்துச் சோதித்தபோது, மாற்றவேண்டிய உறுப்புகளுக்கு ஆன செலவு ஏறத்தாழ ஏழு பவுனே என்று கண்டனர். விமானம் என்றால் ஆபத்து என்று எண்ணியிருந்த பொதுஜனங்களுக்கு இதனினும் சிறந்த சான்று தேவைப்படவில்லை.

இந்த விமானங்கள் உருவான விதத்தைச் சற்று நெருங்கி நோக்குதல் தகும். இரும்பும் அலுமினியமும் மிகுந்த பிற்காலத்து ஆலைகளைப் போன்றதன்று ஸ்டாக் லேன். அது தச்சர்களின் பட்டறை. ஸ்ப்ரூஸ் என்னும் கனமற்ற, நார் நேரான மரத்தை நீளச் சட்டங்களாக இழைத்து, அவற்றின் குறுக்கே மெல்லிய விலாக்களைக் கோத்து, இறக்கையின் எலும்புக்கூட்டை அமைப்பர்; உடற்பகுதியை ஒட்டுப்பலகை கொண்டு பெட்டி போல மூடுவர். பின்னர் அந்த இறக்கை பெண்கள் வேலை செய்யும் கூடத்துக்குப் போகும். அவர்கள் நெருக்கமாய் நெய்த லினன் துணியை அதன்மேல் போர்த்தி, விளிம்புகளைத் தைத்து, ஒவ்வொரு விலாவோடும் துணியை நூலிட்டுக் கட்டி, முடிச்சுகளின்மேல் நாடா ஒட்டுவர். அதற்குமேல் டோப் என்னும் மெருகெண்ணெய் போன்ற திரவத்தைப் பல பூச்சுகளாய்ப் பூசுவர். பூசும்போது தொய்ந்து கிடக்கும் துணி, காயக் காய இறுகி, விரலால் தட்டினால் மத்தளத்தின் தோல் போல ஒலிக்கும். பேரிக்காய் மிட்டாயின் மணத்தை ஒத்த அதன் காட்டமான வாடை கூடமெங்கும் சூழ்ந்திருக்கும். தையலில் ஓர் இழை தளர்ந்தாலும் ஆகாயத்தில் உயிர் போகும் என்பதை அறிந்து தைத்த அந்தக் கைகளின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. ஆயினும் அக்கைகளை நம்பியே அத்தனை வீரப் பிரயாணங்களும் நடைபெற்றன.

மலிவான விமானம் கிடைத்துவிட்டது. அதை ஓட்டக் கற்பிப்பது எப்படி? அக்காலத்தில் பிரிட்டனின் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைவராய் இருந்த சர் செப்டன் பிராங்கர், ஒவ்வொரு பெருநகரிலும் பறப்புக் கழகம் ஒன்று ஏற்படவேண்டும் என்றும், அதற்கு அரசாங்கம் திரவிய உதவி செய்யவேண்டும் என்றும் விடாது முயன்றவர். அவ்வேற்பாட்டின்படி 1925-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் லண்டன் ஏரோப்ளேன் கிளப் ஸ்டாக் லேனில் தொடங்கிற்று. மாத் விமானத்தில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு திறந்த குழிகள் உண்டு. ஆசிரியர் முன்னும் மாணவர் பின்னும் அமர்வர். என்ஜினின் இரைச்சலில் பேச்சுக் கேளாதாகையால், ஆசிரியரின் வாயிலிருந்து மாணவரின் செவிக்கு ஒரு ரப்பர்க் குழாய் செல்லும். என்ஜினைக் கிளப்ப யந்திரம் கிடையாது. உதவியாள் ஒருவர் தரையில் நின்று, மரத்தாலான சுழல்விசிறியை இரு கைகளாலும் பற்றி ஓங்கி இழுத்துவிட்டு உடனே பின்வாங்கவேண்டும். ஓடுபாதை என்று சிமெண்டால் இட்ட பாதை ஒன்றும் இல்லை. காற்று எத்திசையிலிருந்து வருகிறதோ அத்திசை நோக்கிப் புல்லின்மேல் ஓடி எழும்புவதே முறை. மாரிக்காலத்தில் கிங்ஸ்பரியின் களிமண் சக்கரங்களைப் பிடித்துக்கொள்ளும். மூடுபனி நாட்களில் மாணவர்கள் கொட்டகைக்குள் கூடி என்ஜினைப் பிரித்தும் பூட்டியும் பழகுவர்.

அம்மாணவருள் ஒருவரின் கதை ஸ்டாக் லேனின் மகிமையைத் தெளிவாய் விளக்கும். ஹல் என்னும் துறைமுக நகரில் 1903-ஆம் ஆண்டில் பிறந்து, ஷெபீல்டு பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் பயின்று பட்டம் பெற்று, லண்டனில் வழக்கறிஞர் காரியாலயம் ஒன்றில் செயலாளராய் உத்தியோகம் பார்த்துவந்த ஏமி ஜான்சன் என்னும் மங்கை, 1928-ஆம் ஆண்டில் இக்கழகத்தில் சேர்ந்தார். மற்றவர் பலரைவிட நீண்ட பயிற்சிக்குப் பின்னரே அவர் தனியே பறந்தார். பறப்பதோடு திருப்தியடையாமல், அதிகாலையிலும் மாலையிலும் பட்டறைக்கு வந்து, கிரீஸ் படிந்த உடையோடு தலைமை மெக்கானிக்கின் அருகே நின்று என்ஜினின் நுட்பங்களைக் கற்றார். தரைப் பொறியாளர் என்னும் அரசாங்க உரிமத்தை 1929-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் பெற்றபோது, பிரிட்டனில் அதை அடைந்த முதல் பெண்மணி அவரே. அடுத்த ஆண்டு மே மாதம் 5-ஆம் தேதி, ஜேசன் என்று பெயரிட்ட பழைய ஜிப்ஸி மாத் ஒன்றில் கிராய்டனிலிருந்து தன்னந்தனியே புறப்பட்டு, ஆறே நாளில் கராச்சியை அடைந்து, ஜான்சி, அலகாபாத், கல்கத்தா, ரங்கூன் மார்க்கமாய்ச் சென்று, மே 24-ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் டார்வினில் இறங்கினார். வழியில் இறக்கை முறிந்தும் துணி கிழிந்தும் போனபோதெல்லாம் அவருக்குக் கைகொடுத்தது ஸ்டாக் லேன் பட்டறையில் கற்ற தொழிலே. பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் கொடுத்தது. உலகப் புகழைத் தேடித்தந்த கல்வியோ இந்தக் களிமண் மைதானத்தில் கிடைத்தது.

அவர் ஒருவர் மட்டும் அல்லர். நியூஸிலாந்திலிருந்து வந்த ஜீன் பேட்டன் இங்கேதான் பறக்கக் கற்றார். பின்னர் இரண்டாம் உலக யுத்தத்தில் விமானங்களை ஆலையிலிருந்து படைத்தளங்களுக்கு ஓட்டிச் சேர்த்த மகளிர் பிரிவுக்குத் தலைவியாய் விளங்கிய பாலின் கவரும், அவருடைய தோழியாகிய பொறியாளர் டாரதி ஸ்பைசரும் ஸ்டாக் லேனில் பழகியவர்களே. டி ஹாவிலண்ட் கம்பெனியாரும் தம் பட்டறையை ஒட்டித் தொழிற்கல்விப் பள்ளி ஒன்றை நடத்தினர். அதன் மாணவர்கள் பிற்காலத்தில் தாமே வடிவமைத்து, தாமே கட்டி, தேசியப் போட்டிகளுக்கு அனுப்பிய விமானங்களும் உண்டு. விளையாட்டும் கைத்தொழிலும் சாஸ்திரமும் ஒரே புல்வெளியில் இணைந்து வளர்ந்ததைக் காணும்போது, பல்கலைக்கழகம் என்னும் பெயரை இதற்கு இடுவது மிகையாகாது.

இனி நம் நாட்டோடு இம்மைதானத்துக்கு உள்ள சம்பந்தத்தைப் பார்ப்போம். பம்பாய், கராச்சி முதலிய நகரங்களில் 1920-களின் இறுதியில் தோன்றிய பறப்புக் கழகங்களில் இந்திய வாலிபர்கள் ஏறிப் பழகியது மாத் விமானங்களில்தான். 1929-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமத்தைப் பெற்ற ஜே. ஆர். டி. டாட்டா அவ்வாறு பழகியவருள் ஒருவர். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியே பறக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு என்று ஆகா கான் அறிவித்ததும், 1930-ஆம் ஆண்டில் மன்மோகன் சிங், டாட்டா, பதினேழே வயதான ஆஸ்பி என்ஜினியர் ஆகிய மூவரும் ஜிப்ஸி மாத் விமானங்களில் களம் இறங்கினர். கிழக்கு நோக்கி வந்த ஆஸ்பியும் மேற்கு நோக்கிச் சென்ற டாட்டாவும் எகிப்தின் அபூகிர் நிலையத்தில் சந்தித்தபோது, ஸ்பார்க் பிளக் இல்லாமல் தவித்திருந்த ஆஸ்பிக்குத் தம்மிடமிருந்ததைக் கொடுத்து அனுப்பினார் டாட்டா. பரிசும் ஆஸ்பிக்கே சென்றது. அந்த ஆஸ்பியே பின்னாளில் சுதந்தர இந்தியாவின் விமானப்படைத் தலைவராய் உயர்ந்தார். போட்டியாளன் தோற்கவேண்டும் என்று எண்ணாத அந்தப் பெருந்தன்மை, பரிசைக் காட்டிலும் பெரிதென்று கொள்ளத்தக்கது.

தமிழ்நாட்டுக்கு நேரான உறவு 1932-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. லண்டனிலிருந்து இம்பீரியல் ஏர்வேஸ் விமானத்தில் கராச்சி வரை வந்த தபால், அங்கிருந்து தெற்கே வர ரயிலையே நம்பியிருந்த காலம் அது. டாட்டாவும் அவருடைய நண்பராகிய நெவில் வின்சென்ட் என்னும் விமானியும் சேர்ந்து கராச்சியிலிருந்து சென்னைக்கு வான்வழித் தபால் போக்குவரத்தைத் திட்டமிட்டனர். அவர்கள் வாங்கிய பஸ் மாத் விமானம், 1929-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஸ்டாக் லேனில் முதன்முதல் பறந்து, அங்கேயே உருவாக்கப்பட்டு வந்த இனத்தைச் சேர்ந்தது. திறந்த குழிகளுக்குப் பதிலாய் மூடிய அறையும், ஒற்றை இறக்கையும் கொண்டது. 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் தேதி காலை கராச்சியிலிருந்து தபால் மூட்டையோடு புறப்பட்ட டாட்டா, அகமதாபாத்தில் மாட்டுவண்டி கொண்டுவந்த பெட்ரோலை நிரப்பிக்கொண்டு, பம்பாயில் ஜுஹூ கடற்கரை ஓரத்தில் இறங்கினார். அங்கிருந்து வின்சென்ட் மூட்டையை ஏற்றிக்கொண்டு, இரவு பெல்லாரியில் தங்கி, மறுநாள் சென்னை வந்து சேர்ந்தார். இந்திய விமானப் போக்குவரத்தின் தொடக்கம் என்று நாம் கொண்டாடும் அந்தப் பிரயாணத்துக்கு வாகனமாய் அமைந்தது கிங்ஸ்பரியின் படைப்பு. மூன்றாண்டுகளுக்குப் பின், 1935-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், கொழும்புக்கு அருகே ரத்மலானையில் புதிதாய் அமைந்த நிலையத்தில் முதல் விமானத்தைக் கொண்டு இறக்கியவர், சென்னைப் பறப்புக் கழகத்தின் தலைமை ஆசிரியராகிய டின்டேல்-பிஸ்கோ. அவர் ஓட்டிச் சென்றதும் ஒரு பஸ் மாத். இவ்வாறு தமிழர் வாழும் இரு கரைகளுக்கும் வான்வழி காட்டியது ஒரே பட்டறையில் பிறந்த யந்திர இனமாகும். முதற் பிரயாணத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவை 1982-ஆம் ஆண்டில் டாட்டா தம் எழுபத்தெட்டாம் வயதில் மறுபடி பறந்து கொண்டாடியபோதும், அவர் ஏறியது டி ஹாவிலண்டின் லெப்பர்ட் மாத் விமானமே.

இவற்றைச் சொல்லும்போது மறைக்கக்கூடாத உண்மை ஒன்றும் உண்டு. ஸ்டாக் லேன் ஏகாதிபத்தியத்தின் காலத்தில் வாழ்ந்தது. அங்கிருந்து ஆலன் காப்ஹம் என்னும் விமானி ரங்கூன் வரை நடத்திய ஆராய்ச்சிப் பிரயாணம், சாம்ராஜ்யத்தின் தூரப் பிரதேசங்களை லண்டனோடு இறுக்கிப் பிணைக்கும் நோக்கத்தோடு செய்யப்பட்டது. ராணுவ விமானப்படையின் சேமப் படையினருக்கும் அங்கே பயிற்சி அளிக்கப்பட்டது. 1931-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அங்கு முதன்முதல் பறந்த டைகர் மாத், எட்டாயிரத்துக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் கட்டப்பட்டு, இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் வாலிபரோடு இந்திய வாலிபருக்கும் முதற்பாடம் கற்பித்தது. ஆனால் ஆள்வோர் தம் தேவைக்கென்று பரப்பிய கல்வி, ஆளப்பட்டவரின் கையில் அவர்தம் சொந்த ஆற்றலாய் மாறியது. சென்னைக்குத் தபால் கொணர்ந்த அந்தச் சிறு முயற்சியிலிருந்து ஒரு தேசத்தின் விமானப் போக்குவரத்து வளர்ந்ததை நினைத்தால், கற்பித்தவன் யாராயினும் கல்வி கற்றவனுக்கே சொந்தமாகிறது என்பது விளங்கும்.

மைதானத்தின் முடிவுக்குக் காரணம் அதன் தோல்வி அன்று. 1924-ஆம் ஆண்டில் வெம்பிளியில் நடந்த சாம்ராஜ்யப் பொருட்காட்சிக்காகச் சாலைகள் அகலமாக்கப்பட்டன. சாலை வந்தபின் வீடு வந்தது. 1932-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் தேதி கிங்ஸ்பரி ரயில் நிலையம் திறக்கப்பட்டது. அதற்குப்பின் வீட்டுமனை வியாபாரிகள் வயல் வயலாய் வளைத்து வாங்கினர். மைதானத்தைச் சுற்றிக் கூரைகள் நெருங்க நெருங்க, புதிது பயில்வோர் எழும்பவும் இறங்கவும் அபாயம் மிகுந்தது. வேகமும் எடையும் கூடிய புதிய விமானங்களுக்கு அந்த வெளி போதாமலும் போயிற்று. இதை முன்னரே அறிந்த கம்பெனியார் 1930-ஆம் ஆண்டிலேயே ஹாட்பீல்டில் விரிந்த நிலம் வாங்கியிருந்தனர். பறப்புக் கழகமும் பயிற்சிப் பள்ளியும் விமானப் பட்டறையும் ஒன்றன்பின் ஒன்றாய் அங்கே பெயர்ந்தன. ஸ்டாக் லேன் குடியிருப்புக்காக விற்கப்பட்டு, 1934-ஆம் ஆண்டில் விமானங்களுக்கு மூடப்பட்டது. என்ஜின் ஆலை மட்டும் அதன்பின்னும் நெடுநாள் அங்கே இயங்கியது. கிங்ஸ்பரி என்னும் தனி நகராட்சியும் அதே ஆண்டில் வெம்பிளியோடு இணைக்கப்பட்டது.

அந்த நிலத்தில் இன்று நடப்பவருக்கு மைதானம் கண்ணில் படாது. இரட்டை வீடுகளின் வரிசைகளும், கடைகளும், சிறு பூங்காக்களுமே தென்படும். ஆனால் தெருக்களின் பெயர்ப்பலகைகளை நின்று படிப்போர் டி ஹாவிலண்ட் சாலையைக் காண்பர். ஏமி ஜான்சனை மணந்த விமானி ஜிம் மாலிசனின் பெயரைத் தாங்கிய மாலிசன் வேயையும் காண்பர். ஏமி ஜான்சன் ஏறிச்சென்ற ஜேசன் விமானம் தெற்குக் கென்சிங்டனில் உள்ள விஞ்ஞானக் காட்சிசாலையில் தொங்குகிறது. சிகாகோவில் அணுப் பரிசோதனை நடந்த இடத்தில் ஹென்றி மூர் செய்த வெண்கலச் சிற்பம் வருவோரையெல்லாம் நிறுத்திக் கேள்வி கேட்கிறது. இங்கே நாமாகத் தேடிச்சென்றாலன்றி அறிய வழியில்லை.

தேடும் கடமை இங்கே குடியிருப்போரைச் சேர்ந்தது. அவருள் இன்று தமிழரும் கணிசமானோர். 1983-க்குப் பின் ஈழத்திலிருந்து உயிர் பிழைக்க வந்தவர்களும், தமிழகத்திலிருந்து தொழில் நிமித்தம் வந்தவர்களும் கிங்ஸ்பரியின் தெருக்களில் வீடு வாங்கி, கடை வைத்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து வாழ்கின்றனர். குடிபெயர்ந்த மக்கள் தாம் விட்டுவந்த ஊரின் சரித்திரத்தைப் போற்றுவது இயல்பு. வந்தடைந்த ஊரின் சரித்திரத்தையோ அந்நியருடையது என்று ஒதுக்கிவிடுகின்றனர். ஸ்டாக் லேனின் வரலாறு அவ்வாறு ஒதுக்குவதற்கு இடந்தராது. சென்னைக்கு முதல் வான்தபாலைச் சுமந்த இறக்கையும், இலங்கை நிலையத்தில் முதலில் இறங்கிய இறக்கையும் இந்த மண்ணிலிருந்து தோன்றியவை என்றால், இதை அந்நிய மண் என்று எப்படிச் சொல்வது?

ஆகவே வாரக்கடைசிகளில் தமிழ்ப் பள்ளிகளில் நம் பிள்ளைகளுக்கு மொழியும் இலக்கியமும் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்கள், ஒரு நாளேனும் அவர்களை ஸ்டாக் லேனுக்கு அழைத்துச் சென்று இந்த வரலாற்றைத் தமிழில் சொல்லவேண்டும். காரியாலயத்தில் கடிதம் தட்டச்சுச் செய்து வாழ்ந்த ஒரு பெண் இங்கே என்ஜினைப் பிரித்துப் பூட்டிக் கற்றாள், உலகத்தின் மறுகோடிவரை போனாள் என்று கேட்கும் தமிழ்ச் சிறுமிக்கு, அது நூறு நீதிக்கதைகளுக்குச் சமம். அரிய கலைகள் செல்வருக்கும் வல்லவருக்கும் மட்டுமே உரியவை என்னும் எண்ணத்தை இந்த மைதானம் ஒருமுறை பொய்யாக்கியது. அந்த வேலை எந்த நாட்டிலும் எந்தத் தலைமுறையிலும் முடிந்துவிடுவதில்லை. மறுபடி செய்யவேண்டியவர்கள் நம் பிள்ளைகளே என்பதை அவர்களுக்கு உணர்த்துவதே இந்த மண்ணுக்கு நாம் செய்யத்தக்க மரியாதை.